போனை கேட்டில் வாங்கி வைக்கிற வேலையா? அப்போ இதைப் படிச்சுட்டு உள்ளே போங்க



சம்பளம், வரி, எஸ்ஐபி என்று பேசுகிற இடத்தில் மொபைல் போன் பாதுகாப்பு எதற்கு என்று சிலர் கேட்பீங்க. காரணம் நம்ம ஊர்தான். அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் வானம் பார்த்த பூமி. மழையை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது என்பதால், வீட்டுக்கு ஒருத்தராவது மாதச் சம்பளத்துக்குப் போகிறார்கள். நூற்பு மில்லுக்கு, பந்தல்குடிப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு, காரியாபட்டிப் பக்கம் கல்குவாரிக்கு, விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பட்டாசு ஆலைகளுக்கு.

இதில் வெடிமருந்தைக் கையால் தொடாத வேலையில் இருக்கிறவர்களும் நிறைய. அக்கவுண்ட்ஸ், டெஸ்பாட்ச், குவாலிட்டி, சேஃப்டி. அது போக, வங்கியில் இருந்து ஸ்டாக் பார்க்கப் போகும் ஆபீஸர், இன்சூரன்ஸ் சர்வேயரின் உதவியாளர், எங்களை மாதிரி ஆடிட் ஆபீஸில் இருந்து போகும் ஆர்ட்டிகிள் பசங்க. யாராக இருந்தாலும் பட்டாசு ஆலை கேட்டில் ஒரே வார்த்தைதான்: "போனை வச்சுட்டுப் போங்க சார்."

போன் உள்ளே போனால் உயிருக்கு ஆபத்து. இது எல்லோரும் சொல்வது. போன் கேட்டிலேயே இருந்தால் பணத்துக்கு ஆபத்து. இதை யாரும் சொல்வதில்லை. ரெண்டையும் பார்த்துடலாம்.

உள்ளே ஏன் கூடாது?

"சிக்னல் பட்டு மருந்து வெடிச்சிடும்" என்று பொதுவாகச் சொல்வார்கள். பட்டாசு மருந்தைப் பொறுத்தவரை பயப்பட வேண்டியது சிக்னலை அல்ல. பட்டாசு ஆலை விபத்துகளில் திரும்பத் திரும்ப வரும் வார்த்தை "உராய்வு". மருந்து கலக்கும்போது, குழாயில் அடைக்கும்போது, காயவைத்ததை அள்ளும்போது ஏற்படும் உராய்வும் அழுத்தமும்தான் பெரும்பாலும் காரணமாகச் சொல்லப்படுகிறது. அலுமினியப் பொடி, கந்தகம், வெடியுப்பு என்று சேரும் கலவைக்கு ஒரு சின்ன தட்டு, ஒரு சின்ன பொறி போதும். அதனால்தான் பருத்தி உடுப்பு, கதவருகே தரையோடு இணைத்த செம்புத் தகடு, அதைத் தொட்டுவிட்டு நுழைவது, தரையில் ரப்பர் விரிப்பு, ஆணி இல்லாத செருப்பு, ஒரு அறைக்குள் இத்தனை பேருக்கு மேல் கூடாது என்ற கட்டுப்பாடு எல்லாம். உங்கள் உடம்பில் சேர்ந்திருக்கும் நிலை மின்சாரம் அந்தத் தகடு வழியாக இறங்கிவிடும்.

இப்போது அந்த அறைக்குள் போனைக் கொண்டு போறீங்க என்று வையுங்க. சட்டைப் பையில் இருக்கு. குனியும்போது நழுவி விழுது. கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான கண்ணாடியும் உலோகமும், நெஞ்சுயரத்தில் இருந்து மருந்துத் தூசி படிந்த தரையில். முதல் ஆபத்து இதுதான். அடுத்தது பேட்டரி. லித்தியம்-அயன் பேட்டரி நசுங்கினாலோ துளைபட்டாலோ உள்ளேயே ஷார்ட் ஆகி, வெப்பம் வெப்பத்தைக் கூட்டிக்கொண்டே போகும். வீட்டில் என்றால் மேஜை கருகும், மருந்து அறையில் என்றால் கதை வேறு. மூன்றாவது, கவனம். கையில் மருந்துத் தட்டு இருக்கும்போது தொடையில் போன் அதிர்ந்தால் கை தானாக ஆடும். அந்த ஒரு ஆட்டம் போதும்.

ஒன்று கவனிச்சீங்களா? இந்த மூன்றுமே போன் பேசினால்தான் வரும் என்றில்லை. "சைலண்ட்ல போட்டுட்டேன்", "ஃப்ளைட் மோடுல இருக்கு", "ஸ்விட்ச் ஆஃப்தான் சார்" என்பதெல்லாம் இங்கே பதில் இல்லை. அணைத்து வைத்த போனும் கீழே விழும், அதன் பேட்டரியும் நசுங்கும். கையில் கட்டியிருக்கிற ஸ்மார்ட் வாட்ச், காதில் மாட்டுகிற இயர்பட்ஸ், பையில் கிடக்கிற பவர் பேங்க் மூன்றிலும் இருப்பது அதே ஜாதி பேட்டரிதான். போனைக் கேட்டில் கொடுத்துவிட்டு வாட்சோடு உள்ளே போகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். செக்யூரிட்டி அண்ணனுக்கும் அது வெறும் வாட்ச்தான். அவர் கேட்கலைன்னாலும் நீங்களே கழற்றிக் கொடுங்க.

சிக்னலைப் பற்றியே பயப்பட வேண்டிய இடம் ஒன்று இருக்கு. கல்குவாரியும் சுரங்கமும். பாறையைத் தகர்க்கப் பயன்பட்ட எலக்ட்ரிக் டெட்டனேட்டரில் ரெண்டு கம்பி நீளும். அந்தக் கம்பிகள் ஆன்டெனா மாதிரி ரேடியோ அலையை இழுக்கும். அலை பலமாக இருந்து, கம்பியின் நீளமும் அமைப்பும் தோதாக அமைந்தால், டெட்டனேட்டரைச் சூடாக்கும் அளவு மின்சாரம் கிளம்ப வாய்ப்பு உண்டு. வெடிவைக்கும் இடத்தில் இருந்து போன், வாக்கி-டாக்கி எல்லாவற்றுக்கும் தூரம் குறித்து வைப்பது இதனால்தான். 2025 ஏப்ரல் 1 முதல் எலக்ட்ரிக் டெட்டனேட்டரையே மத்திய அரசு தடை செய்துவிட்டது. ஆனால் தடை வந்த மறுநாளே எல்லா இடத்திலும் பழைய சரக்கும் பழைய பழக்கமும் மறைந்துவிடும் என்று நான் நம்பத் தயாரில்லை. குவாரியில் சிவப்புக் கொடி கட்டிய எல்லைக்கு வெளியே போனை வைத்துவிட்டுப் போறதுதான் உத்தமம்.

2024 மே 1-ம் தேதி, தொழிலாளர் தினத்தன்று, காரியாபட்டி அருகே ஒரு கல்குவாரியில் வெடிபொருள் வெடித்து மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். அது போனால் நடந்தது இல்லை. வெடிபொருளை இறக்கி வைக்கும் வேலை நடந்துகொண்டிருந்த நேரம் அது. இதை எதற்குச் சொல்றேன்னா, இந்த மாதிரி இடங்களில் ஆபத்து வெடிக்கிற நிமிஷத்தில் மட்டும் இல்லை. இறக்குவது, அடுக்குவது, எண்ணுவது எல்லாமே அதே ஆபத்துதான். எண்ணுகிற வேலைதான் நம்ம வேலை.

"ஜியோ டேக் போட்டோ அனுப்பு" என்று மேனேஜர் சொன்னால்?

இதுதான் இளம் வயதில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு வரும் நிஜமான சிக்கல். கடன் கொடுத்த வங்கிக்கு ஸ்டாக் ரிப்போர்ட் போகணும். "குடோனுக்குள்ள நின்னு, தேதி, இடம் தெரியுற மாதிரி நாலு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போடுப்பா" என்று ஆபீஸில் இருந்து சொல்வார்கள். சொல்கிறவர் மதுரையிலோ சென்னையிலோ ஏசி அறையில் இருப்பார். குடோன் என்றால் அவர் மனதில் அரிசி மூட்டை. நீங்க நிற்பது வெடிபொருள் கிடங்கு வாசலில்.

இந்த இடத்தில் என் கருத்து ரொம்பத் தெளிவு. எடுக்காதீங்க. வேலை போயிடும் என்று பயப்பட வேண்டியதில்லை, ஆனால் வாயால் மட்டும் மறுக்காதீங்க, எழுத்தில் போடுங்க. இப்படி ஒரு மெயில் போதும்: "சார், ஆலையில் உரிமம் பெற்ற வெடிபொருள் பகுதிக்குள் போன், கேமரா அனுமதி இல்லை என்று ஃபோர்மேன் தெரிவித்தார். நுழைவாயில் பெயர்ப்பலகை அருகே போட்டோ எடுத்து இணைத்துள்ளேன். ஸ்டாக்கை நேரில் எண்ணி, ஸ்டாக் ரிஜிஸ்டரோடு ஒப்பிட்டு, ஆலைப் பொறுப்பாளர் கையெழுத்துடன் பட்டியல் அனுப்புகிறேன்." இதைப் படித்த பிறகும் "இல்ல, உள்ளே எடு" என்று எழுத்தில் பதில் போடும் மேனேஜரை நான் இதுவரை பார்க்கலை. வாயால் சொல்வது சுலபம். எழுத்தில் வந்துவிட்டால் பொறுப்பு அவர் தலையில்.

இன்னொரு விஷயம், ஆடிட் பசங்களுக்கு. வெடிபொருள் ஆலைக்கு மத்திய அரசின் பெசோ கொடுக்கும் உரிமத்தில் எவ்வளவு வெடிபொருள் வைக்கலாம் என்று அளவு இருக்கும். 1884-ம் வருஷத்து வெடிபொருள் சட்டமும், அதன் கீழ் வந்த 2008 விதிகளும்தான் அடிப்படை. போட்டோவை விட உங்கள் ரிப்போர்ட்டுக்கு மதிப்புக் கூட்டுவது அந்த உரிமத்தின் நகலும், நீங்க எண்ணிய கணக்கு அந்த அளவைத் தாண்டுதா என்ற ஒரு வரியும்தான். தாண்டினால் ஆபத்து உள்ளே இருக்கிற தொழிலாளிக்கும் உண்டு, இன்சூரன்ஸ் க்ளெய்முக்கும் உண்டு. எங்கள் ஆபீஸில் இருந்து போகிறவர்களிடம் ஒரு நோட்டு, ஒரு பென்சில், பருத்திச் சட்டை. அவ்வளவுதான்.

விதியை மீறினால் இழப்பீட்டுப் பணம் என்ன ஆகும்?

கொஞ்சம் சட்டம் பேசுவோம், ஏன்னா இதில்தான் லட்சக்கணக்கில் பணம் இருக்கு.

வேலையில் விபத்து நடந்தால் முதலாளி இழப்பீடு கொடுக்க வேண்டும் என்பது 1923-ல் இருந்து வரும் சட்டம். இப்போது அது 2020-ம் வருஷத்து சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கு. ரெண்டிலும் ஒரு விதிவிலக்கு அப்படியே தொடர்கிறது. தொழிலாளர் பாதுகாப்புக்காக வெளிப்படையாகப் போட்ட உத்தரவையோ விதியையோ ஒருவர் வேண்டுமென்றே மீறி, அந்த மீறல்தான் விபத்துக்கு நேரடிக் காரணம் என்றால், முதலாளி இழப்பீடு கொடுக்க வேண்டியதில்லை. மரணமும் நிரந்தர முழு ஊனமும் மட்டும் இந்த விதிவிலக்கில் வராது. அதாவது ஆள் இறந்தால் குடும்பத்துக்குக் கிடைக்கும். விரல் போனால், ஒரு கண் போனால், "போன் கொண்டு வரக்கூடாதுன்னு போர்டு இருந்துச்சே" என்று சொல்லி மறுக்க வழி இருக்கு.

கணக்கு போட்டால் புரியும். வயது 25. மாதச் சம்பளம் 15,000 அல்லது அதற்கு மேல். கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் உச்சவரம்பு, 2020 ஜனவரியில் அறிவித்தபடி, 15,000 ரூபாய். முழு ஊனம் என்றால் அதில் 60 சதவீதம், அதாவது 9,000. இதை 25 வயதுக்கான காரணியான 216.91-ஆல் பெருக்கணும். 19,52,190 ரூபாய் வரும். கட்டைவிரல் போனால் சட்டத்தின் அட்டவணைப்படி சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு. அப்போ 5,85,657 ரூபாய். பந்தயத்தில் இருப்பது இந்த ஐந்தே முக்கால் லட்சம்தான். ஒரு ரீல்ஸுக்காக.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்லணும். "வேண்டுமென்றே மீறினான்" என்று நிரூபிக்க வேண்டியது முதலாளி. விதி இருந்தது, அது தொழிலாளிக்குத் தெரிவிக்கப்பட்டது, தெரிந்தே மீறினார் என்று மூன்றையும் காட்டணும். வெறும் கவனக்குறைவு வேறு, வேண்டுமென்றே மீறுவது வேறு. சூப்பர்வைசர் சொல்லித்தான் போன் எடுத்துப் போனீங்க என்றால் அந்த வாட்ஸ்அப் மெசேஜ் உங்கள் பக்கச் சாட்சி, அழிக்காதீங்க.

ஈஎஸ்ஐ-யில் இருக்கிறவர்களுக்கு, அதாவது மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு, பாதை வேறு. இழப்பீடு முதலாளியிடம் இல்லை, ஈஎஸ்ஐ-யிடம். அங்கே விதியை மீறியிருந்தாலும், செய்த காரியம் முதலாளியின் வேலைக்காக என்றால் பலன் கிடைக்க இடம் உண்டு. ஸ்டாக் போட்டோ முதலாளியின் வேலை என்று வாதாடலாம். ஸ்டேட்டஸ் வைக்க எடுத்த செல்ஃபியை அப்படி வாதாட எந்த வக்கீலாலும் முடியாது.

21,000-க்கு மேல் வாங்கி ஈஎஸ்ஐ-யில் இல்லாதவர்கள் சொந்தமாக ஒரு விபத்துக் காப்பீடு எடுத்தே ஆகணும். குறைந்தபட்சம் பிரதமரின் சுரக்ஷா பீமா. வருஷத்துக்கு 20 ரூபாய், விபத்து மரணத்துக்கு 2 லட்சம், ஒரு கண்ணோ ஒரு கையோ காலோ போனால் 1 லட்சம். ஜூன் 1 முதல் மே 31 வரை கணக்கு. மே மாசக் கடைசியில் அக்கவுண்டில் 20 ரூபாய் இல்லாமல் பாலிசி விட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள், நம்ப மாட்டீங்க. இது போதாது, 25 லட்சத்துக்கு மேல் தனியார் பாலிசி ஒன்று சேர்த்து எடுங்க. விண்ணப்பத்தில் "அலுவலக வேலை" என்று மட்டும் எழுதாதீங்க. பட்டாசு ஆலை, குவாரி என்று இடத்தைச் சொல்லுங்க. பிரீமியம் கொஞ்சம் கூடும். மறைத்து எடுத்த பாலிசி க்ளெய்ம் நேரத்தில் காகிதம்தான்.

இப்போ கேட்டுக்கு வெளியே வருவோம்

போனைக் கொடுத்துட்டீங்க. ஒரு டோக்கன் கொடுத்தாங்க. எட்டு மணி நேரம் உங்கள் வங்கி முழுசும் ஒரு பிளாஸ்டிக் டிரேயில் கிடக்கு.

என்னிடம் வரி ரிட்டர்ன் போட வந்த ஒரு தம்பிக்கு நடந்ததைச் சொல்றேன். இந்தப் பக்கத்து ஆலை ஒன்றில் குவாலிட்டி பிரிவில் வேலை. தினமும் போனை கேட்டில் வைப்பார். ஒரு நாள் ஷிப்ட் முடிந்து வந்தால் போன் இருக்கு, அக்கவுண்டில் 43,500 ரூபாய் இல்லை. போனைத் திறக்கும் பேட்டர்ன் 'எல்' வடிவம். தினமும் டிரேயில் வைக்கும் முன் நாலு பேர் பார்க்கத் திறந்து மூடுவார். பேக் கவரில் டெபிட் கார்டு. எடுத்தவன் பழைய யூபிஐ பின்னைத் தேடவே இல்லை. "பின் மறந்துவிட்டது" என்று அழுத்தி, கவரில் இருந்த கார்டின் கடைசி 6 எண்ணையும் காலாவதி மாதத்தையும் போட்டு, அதே போனுக்கு வந்த ஓடிபியை எடுத்து, புது பின் வைத்துவிட்டான். நாலு நிமிஷ வேலை.

பூட்டும் சாவியும் ஒரே பையில். யூபிஐ பின்னை மாற்ற வேண்டியது மூன்று: சிம், கார்டு விவரம், ஓடிபி. சில வங்கிகள் ஏடிஎம் பின்னும் கேட்கும், எல்லா வங்கியும் கேட்காது. ஆதார் வழியாகவும் பின் மாற்ற வழி இருப்பதால், கவரில் ஆதார் ஜெராக்ஸ் மடித்து வைப்பதும் அதே கதைதான். ஆகவே இன்றைக்கே போனின் பின்கவரைக் கழற்றுங்க. கார்டு, ஆதார், பின் எழுதின சீட்டு எது இருந்தாலும் வெளியே எடுங்க. அம்மா கொடுத்த விபூதிப் பொட்டலம் மட்டும் இருக்கட்டும்.

அடுத்து பூட்டு. பேட்டர்ன் வேண்டாம், திரையில் விரல் ரேகையின் எண்ணெய்த் தடமே காட்டிக் கொடுக்கும். ஆறு இலக்க எண் வையுங்க, பிறந்த வருஷம் வேண்டாம். யூபிஐ ஆப்பைத் திறக்க போனின் அதே பூட்டைக் கேட்கும்படி விடாமல், ஆப்பிலேயே தனி எண் வைக்க வழியிருந்தால் வையுங்க. பூட்டிய திரையில் மெசேஜ் உள்ளடக்கம் தெரிவதை நிறுத்துங்க. நோட்டிஃபிகேஷன் அமைப்பில் "லாக் ஸ்கிரீனில் மறை" என்று ஒரு வசதி இருக்கும். இல்லைன்னா பூட்டைத் திறக்காமலே ஓடிபி படிக்கலாம்.

பலருக்கும் தெரியாதது சிம் பின். போன் எவ்வளவு பலமாகப் பூட்டியிருந்தாலும், சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் ஓடிபி எல்லாம் அங்கே வரும். சிம் பின் வைத்திருந்தால், வேறு போனில் போட்டதும் நாலு இலக்க எண் கேட்கும். மூன்று தடவை தப்பாகப் போட்டால் பூட்டிக்கொள்ளும், பிறகு பியூகே எண் இல்லாமல் திறக்காது. போனின் செக்யூரிட்டி பகுதியில் "சிம் லாக்" என்று இருக்கும். முதலில் கேட்கும் பழைய எண் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், கஸ்டமர் கேரில் கேட்டுக்கொண்டு போடுங்க. யூகித்துப் போட்டு நீங்களே சிம்மைப் பூட்டிக்காதீங்க. இதைச் செய்தபின் போனை ஆஃப் செய்து கேட்டில் கொடுங்க. ஆஃப் ஆன போனை ஆன் செய்தால் போன் பூட்டு, சிம் பூட்டு ரெண்டும் கேட்கும்.

யூபிஐ லைட் வைத்திருக்கிறவர்கள் கவனிங்க. அதில் பின்னே கிடையாது. ஒரு தடவைக்கு 1,000 வரை, மொத்த இருப்பு 5,000 வரை. டீக்கடைக்கு அருமையான வசதி. தினமும் போனைக் கொடுத்துவிட்டுப் போகிறவர் அதில் 500 ரூபாய்க்கு மேல் வைக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

இது எல்லாவற்றையும் விட உருப்படியான ஒரு ஏற்பாடு இருக்கு. சம்பளம் வரும் அக்கவுண்ட் ஒன்று, யூபிஐ இணைத்த அக்கவுண்ட் வேறு. மாதம் 1-ம் தேதி செலவுக்கு வேண்டியதை மட்டும் ரெண்டாவதுக்கு மாற்றுங்க. அந்தத் தம்பி இப்படிச் செய்திருந்தால் போயிருப்பது 43,500 இல்லை, நாலாயிரமோ ஐயாயிரமோதான்.

அவர் பணம் என்ன ஆச்சு? தெரிந்த அரை மணி நேரத்தில் 1930-க்கு அடித்தார். பணம் போன அக்கவுண்டில் மீதமிருந்த 21,000 முடக்கப்பட்டது. கோர்ட் உத்தரவு வாங்கி அது திரும்ப வர மாதக்கணக்கு ஆச்சு. மீதி போனது போனதுதான். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை இங்கே முக்கியம். உங்கள் தப்பும் இல்லை, வங்கித் தப்பும் இல்லை என்றால், வங்கி தகவல் கொடுத்ததில் இருந்து 3 வேலை நாளுக்குள் நீங்க புகார் செய்தால் உங்களுக்கு நஷ்டம் பூஜ்யம். 4 முதல் 7 நாள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை நீங்க சுமக்கணும். ஆனால் உங்கள் கவனக்குறைவு என்றால், புகார் கொடுக்கும் நிமிஷம் வரை போன பணம் உங்கள் தலையில், அதற்குப் பிறகு போனது வங்கி தலையில். கவரில் கார்டு வைத்திருந்தது கவனக்குறைவா? வங்கி அப்படித்தான் சொன்னது. அதை எதிர்த்துச் சொல்ல எனக்கும் பெரிதாக ஒன்றும் கிடைக்கலை.

போனே காணாமல் போனால் முதலில் வங்கி, அடுத்து 1930, அடுத்து சிம்மை முடக்குவது. பிறகு போலீஸ் புகார் நகலோடு சஞ்சார் சாத்தி தளத்தில் போனின் ஐஎம்இஐ எண்ணை முடக்கலாம். அந்த எண் தெரிய *#06# அடிங்க. இப்பவே அடித்து, வீட்டில் காலண்டர் பின்னால் எழுதி வையுங்க. போன் போன பிறகு அடிக்க முடியாது பாருங்க.

மற்ற இடங்கள், சுருக்கமாக

பெட்ரோல் பங்க். போனால் தீப்பிடித்தது என்று சுற்றும் வீடியோக்களில் பெரும்பாலும் காரணம் நிலை மின்சாரம். பெட்ரோல் ஆவி பற்ற அது போதும். அதற்காகப் பம்ப் பக்கத்தில் போனை நோண்டலாம் என்று அர்த்தமில்லை, சாதாரண போன் ஆவி நிற்கும் இடத்துக்குச் செய்யப்பட்டதில்லை. வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு க்யூஆர் ஸ்கேன் பண்ணுங்க. பின்னால் நிற்பவர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.

எம்ஆர்ஐ அறை. அங்கே காந்தம் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும், ஸ்கேன் நடக்காதபோதும். போனை இழுக்கும், கார்டின் காந்தப் பட்டையை அழிக்கும்.

கோயில். தமிழகக் கோயில்களுக்குள் மொபைலுக்குத் தடை போடச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் 2018-ல் இருந்தே கிடையாது. கவுண்டரில் கொடுக்கும்போது மேலே சொன்ன அதே விஷயங்கள்தான். கூட்டத்தில் டோக்கனைத் தொலைப்பதுதான் அங்கே கூடுதல் தலைவலி.

வீட்டில் இருக்கிறவர்களுக்கு

எட்டு மணி நேரம் உங்கள் போன் எடுக்காது என்பது உங்களுக்குத் தெரியும், ஏமாற்றுக்காரனுக்கும் தெரியும். "உங்க மகன் வேலை பார்க்கிற இடத்துல வெடி விபத்து, ஆஸ்பத்திரில சேர்த்திருக்கோம், உடனே 30,000 ஜிபே பண்ணுங்க" என்று ஒரு போன் வந்தால் திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கும் அப்பா என்ன செய்வார்? உங்களுக்கு அடித்துப் பார்ப்பார். ஸ்விட்ச் ஆஃப். அவ்வளவுதான், பணம் போயிடும். நம்ம மாவட்டத்தில் அந்தப் பொய்யை நம்பாமல் இருப்பது கஷ்டம், ஏன்னா நிஜமாகவே நடக்குது.

கேட்டில் இருக்கும் லேண்ட்லைன் எண், டைம் ஆபீஸ் எண், கூட வேலை பார்க்கும் ஒருவர் வீட்டு எண் மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டுங்க. யார் பணம் கேட்டாலும் முதலில் அந்த எண்ணுக்கு அடிக்கணும் என்று அப்பா அம்மாவிடம் ஒரு தடவை இல்லை, நாலு தடவை சொல்லுங்க.

நிஜமாகவே சத்தம் கேட்டால், வீட்டில் இருப்பவர்கள் போனைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்க. 2012 செப்டம்பர் 5-ம் தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே இல்லை. முதல் சத்தம் கேட்டு, காப்பாற்றவும் பார்க்கவும் ஓடி வந்து, அடுத்தடுத்த வெடிப்பில் சிக்கியவர்கள். இன்றைக்கு அதே சத்தம் கேட்டால் ஓடி வருகிற கையில் எல்லாம் கேமரா ஆனில் இருக்கும், கிட்டே போனால்தான் வீடியோ தெளிவாக வரும் என்று இன்னும் பத்தடி போவார்கள். தூரத்தில் நின்று 101-க்கோ 112-க்கோ அடிப்பதுதான் அந்த நேரத்தில் போனுக்கு இருக்கிற ஒரே வேலை.

சிம் பின் வைப்பதை ஒவ்வொரு படியாகத் திரையில் காட்டி அடுத்த வீடியோவில் போடுறேன். அதுவரை பின்கவரைக் கழற்றிப் பார்த்துட்டீங்களா?